முன்பண அட்டையும் நமது விற்பனை நிலையமும்

கடனுக்கு விற்காதே, ரொக்கத்திற்கே விற்பாயாக என்பது கூட்டுறவு இயக்கத்தின் பழைய பாடம். 1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராச்டேல் நகரில் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களும் சேர்ந்து திறந்த கடை, இவ்விதியைக் கைக்கொண்டே நிலைபெற்றது. இன்று சேலத்தில் வெண்பட்டு வேஷ்டி வாங்க வருவோரும், ராசிபுரம், திருச்செங்கோடு பகுதிகளில் விதையும் உரமும் வாங்க வருவோரும் ரொக்கத்திற்குப் பதிலாக அட்டையையோ கைப்பேசியையோ நீட்டுகின்றனர். அவற்றுள் ஒன்று முன்பண அட்டை. அது ரொக்கம் போலத் தோன்றினும் ரொக்கமன்று. அதன் தன்மையை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

பணம் யாரிடம் இருக்கிறது?

பற்று அட்டை, வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தருகிறது. கடன் அட்டையில் வங்கி கடன் கொடுக்கிறது. முன்பண அட்டையிலோ, வாங்குபவர் தம் பணத்தை முன்னதாகவே அட்டை வழங்கிய நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகிறார். அதாவது, அவரே அந்நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவர் ஆகிறார்.

இப்பணத்தைக் காக்கவே ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு 27 அன்று விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, வங்கியல்லாத நிறுவனம் அட்டைதாரரின் பணத்தை வங்கியில் தனிக் காப்புக் கணக்கில் வைத்தல் வேண்டும். பரிசு அட்டையின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. அதில் மீண்டும் பணம் ஏற்றவோ, ரொக்கம் எடுக்கவோ இயலாது. அட்டை குறைந்தது ஓராண்டேனும் செல்லுபடியாக வேண்டும். காலாவதிக்கு முந்திய 45 நாட்களில் அட்டைதாரருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும். காலம் கடந்த பின்னரும் மீதத்தொகையைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. மேசையறையில் பழைய பரிசு அட்டை வைத்திருப்போர் இதனைக் கவனிப்பார்களாக.

கட்டணம் யாருடையது?

2020 ஜனவரி முதல் ரூபே பற்று அட்டைக்கும், வங்கிக் கணக்கிலிருந்து நேரே வரும் யுபிஐ தொகைக்கும் வணிகரிடம் கட்டணம் இல்லை. முன்பண அட்டைக்கு இச்சலுகை கிடையாது. மேலும், 2023 ஏப்ரல் 1 முதல், முன்பணப் பையிலிருந்து யுபிஐ வழியாக வணிகருக்கு வரும் 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு, வணிகத்தின் வகையைப் பொறுத்து 1.1 சதவீதம் வரை பரிமாற்றக் கட்டணம் ஏற்பட்டது. 5,000 ரூபாய்ச் சேலைக்கு இது 55 ரூபாய் வரை ஆகும். வாங்குபவர் இதைச் செலுத்த வேண்டியதில்லை என்று தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அப்போதே தெளிவுபடுத்திற்று. ஆகவே சுமை விற்பவர் பக்கமே சாய்கிறது. சொற்ப லாபத்தில் நடக்கும் கைத்தறிச் சங்கத்திற்கு 55 ரூபாய் அற்பமன்று. மாத முடிவில் வங்கிப் பட்டியலைப் பார்த்து, எவ்வகை அட்டைக்கு எவ்வளவு பிடித்தம் என்பதைக் காரியதரிசி தனியே குறித்து வைப்பது நலம்.

சரக்கைத் திருப்பினால்?

முன்பண அட்டையால் வாங்கிய துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டால், தொகையை அந்த அட்டைக்கே திருப்புவதுதான் நெறி. கையில் ரொக்கம் கொடுத்துவிட்டால், ரொக்கமாக்கலாகாத அட்டை குறுக்கு வழியில் ரொக்கமாகிவிடும். சங்கத்தின் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒத்துவரா.

சங்கமே சீட்டு வழங்கினால்?

தன் கடையில் மட்டுமே செல்லும் பரிசுச் சீட்டை ஒரு நிறுவனம் வழங்க ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவையில்லை. 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்சின் ‘கனவு நனவு’ திட்டத்திலும் வாடிக்கையாளர் மாதந்தோறும் பணம் கட்டி, முடிவில் துணியாகப் பெறுகின்றனர். இம்முறையால் பண்டிகைக்கு முன்பே விற்பனை உறுதியாகிறது. நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் கையில் பணம் சேர்கிறது.

ஆனால் ஒன்றை மறத்தலாகாது. சீட்டு விற்ற தொகை விற்பனை வரவு அன்று; துணி கொடுக்கும் வரை அது சங்கத்தின் மீதுள்ள கடன். அதை முன்பணக் கணக்கில் தனியே காட்ட வேண்டும். சீட்டுப் பரிவர்த்தனை தன்னளவில் சரக்கு வழங்கல் ஆகாதென்று மத்திய மறைமுக வரி வாரியமும் 2024 டிசம்பர் 31 அன்று விளக்கியுள்ளது. வந்த பணத்தை லாபமென எண்ணிச் செலவிட்டுவிட்டால், தீபாவளிக்கு முன்தினம் சீட்டுடன் வந்து நிற்பவருக்குக் கொடுக்கத் துணி இராது.

பிறர் வழங்கும் அட்டைக்கு ரிசர்வ் வங்கி காவல் இருக்கிறது. நாம் வழங்கும் சீட்டுக்கோ அக்காவல் இல்லை. சங்கத்தின் நாணயமே காவல். அதைக் கட்டிக் காப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.