தொட்டிக்குள் பங்காளிகள்

விரல் நீளம்தான் இருக்கும். ஊதாவும் ஆரஞ்சும் மாறி மாறி ஓடும் வரிகள், பச்சை வால், சிவந்த கண். கடையில் பார்த்தால் பரம சாது. வீட்டுப் பவளத் தொட்டியில் அதை விட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொரு மீனைக் கொண்டுவந்து விடுங்கள். அப்போது தெரியும் சங்கதி. புதிதாக வந்தது பாறையோரம் ஒதுங்கினால் இது பின்னாலேயே போய் வாலைக் கடிக்கும். இரை போட்டால் குறுக்கே வந்து நிற்கும். மூன்றாம் நாள் புதுமீன் கிழிந்த துடுப்போடு மேல்மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் தொட்டிக்கு வெளியே தரையில் காய்ந்து கிடக்கும். சிக்ஸ்லைன் ராஸ் என்ற இந்தக் குட்டி மீன், கடல்மீன் வளர்ப்பவர்களிடம் கெட்ட பெயர் வாங்கியது இப்படித்தான்.

இதே ராஸ் குடும்பத்தில் ஐந்தாறு வகைகளை ஒரே தொட்டியில் ஆண்டுக்கணக்காகச் சண்டையில்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. நல்ல குணமுள்ள மீன்கள் அவர்களுக்கு மட்டும் வாய்த்தன என்பதில்லை. யார் யாருக்குப் பங்காளி, யாரை முதலில் குடிவைப்பது என்ற கணக்கு அவர்களுக்குப் பிடிபட்டிருக்கிறது.

ராஸ் குடும்பத்தின் அறிவியல் பெயர் லாப்ரிடே. உதட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தடித்த உதடுகள் இந்தக் குடும்பத்தின் அடையாளம். 500க்கும் மேற்பட்ட இனங்கள். 2 மீட்டரைத் தாண்டி வளரும் நெப்போலியன் ராஸும் இதில்தான் இருக்கிறது, விரலளவு மீன்களும் இதில்தான் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் நீந்தும் பிறைவால் ராஸ் சாதாரணமாக 25 சென்டிமீட்டர் வரை வளரும். ராஸ்களில் பெரும்பாலானவை வாலை வீசி நீந்துவதில்லை. நெஞ்சுத் துடுப்புகள் இரண்டையும் சிறகுபோல் அடித்துப் போகின்றன. அவசரம் வந்தால்தான் வாலுக்கு வேலை.

வீட்டுத் தொட்டிக்கு வருபவற்றை மூன்று கட்சியாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் கட்சி, ஃபேரி ராஸும் ஃபிளாஷர் ராஸும். நீரில் மிதந்து வரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்பவை. பாறையில் தனக்கென்று ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு காவல் காக்கும் புத்தி குறைவு. பவளத்தையும் தொடாது. கடலில் இவை உடைந்த பவளத் துண்டுகள் பரவிய சரிவுகளில் பல இனங்கள் கலந்த கூட்டமாகவே வாழ்கின்றன. ஃபிளாஷர் ஆணைச் சாயங்கால வேளையில் பார்க்க வேண்டும். சாதாரணமாக நீந்திக்கொண்டிருப்பது திடீரென்று துடுப்புகளையெல்லாம் விரித்து, உடம்பில் நீலத்தை ஏற்றிக்கொண்டு, பெண்மீனின் முன்னால் ஒரு பாய்ச்சல் பாயும். சில நொடிதான், மறுபடி பழைய நிறத்துக்கு வந்துவிடும்.

இரண்டாவது கட்சி, மணலில் தூங்குபவை. எலுமிச்சை மஞ்சள் நிறத்தில் வரும் கேனரி ராஸும் அதன் ஹாலிகோரஸ் பேரினச் சொந்தங்களும், புள்ளி போட்ட லெப்பர்டு ராஸும் இதில் சேரும். பாறையையும் மணலையும் நாள் முழுக்கக் கொத்தி, சிறு புழுக்களையும் நத்தைகளையும் தின்னும். லெப்பர்டு ராஸுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: பாறைகளில் நுண்ணிய இரை பெருகிய பழைய தொட்டியாக இருக்க வேண்டும். நேற்று நீர் நிரப்பிய தொட்டியில் அது மெலிந்தே சாகும்.

மூன்றாவது கட்சி முரடர்கள். சிக்ஸ்லைன் ஒன்று, பிறைவால் ராஸ் இன்னொன்று. பிறைவால் இறாலையும் சின்ன மீனையும் இரையாகவே பார்க்கும். சாதுக்கள் இருக்கும் தொட்டியில் அதற்கு இடமில்லை.

வேடிக்கை என்னவென்றால், சிக்ஸ்லைன் முதல் கட்சிக்கு நெருங்கிய ரத்த சொந்தம். ஃபேரி ராஸ் கண்ணாடிக்கு அருகில் வரும்போது அதன் கண்ணை உற்றுப் பாருங்கள்: பாப்பா இரட்டையாக இருப்பதுபோலத் தெரியும். கண்ணின் வெளிப்படலம் இரண்டு பகுதியாகப் பிரிந்திருப்பதுதான் காரணம். அதே கண் ஃபிளாஷருக்கும் உண்டு, சிக்ஸ்லைனுக்கும் உண்டு. உருவமும் ஒன்றுபோல, தேடும் இரையும் ஏறக்குறைய ஒன்றே. அதனால்தான் தொட்டியில் குடியேறிவிட்ட சிக்ஸ்லைன், தூரத்து உறவான மஞ்சள் கேனரி ராஸைவிட ஃபேரி ராஸின் மேல் அதிகம் பாய்கிறது. பங்காளிச் சண்டைக்குக் கடலும் விலக்கல்ல.

ஆக, முதல் விதி: உருவத்திலும் நிறத்திலும் இரையிலும் ஒன்றுபோல இருப்பவற்றை ஜோடி சேர்க்காதீர்கள். 4 அடி நீளத் தொட்டியில் ஒரு ஃபேரி, ஒரு ஃபிளாஷர், ஒரு மஞ்சள் ராஸ், ஒரு லெப்பர்டு என்று கட்சிக்கு ஓரிருவராக வைத்தால் பெரும்பாலும் அமைதி நிலவும். இரண்டு ஃபேரி ஆண்கள் வேண்டுமென்றால் ஒன்று சிவப்பாகவும் மற்றது நீலமாகவும் இருக்கட்டும்.

இரண்டாவது, ஆண் பெண் கணக்கு. ராஸ்களில் பெரும்பாலானவை பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, பிறகு ஆணாக மாறக்கூடியவை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில், மற்ற மீன்களின் ஒட்டுண்ணியைப் பொறுக்கும் துப்புரவு ராஸ்களை ஆராய்ந்த விஞ்ஞானி ராஸ் ராபர்ட்சன் 1972இல் இதைத் துல்லியமாக எழுதினார். ஓர் ஆணின் கீழ் சில பெண்கள். ஆண் இல்லாமல் போனால் பெண்களில் மூத்தது சில மணி நேரத்திலேயே ஆணின் தோரணையில் மற்றவற்றை அதட்டத் தொடங்குகிறது. இரண்டு மூன்று வாரங்களில் உடலும் ஆணாகிவிடுகிறது. ஆணாகிவிட்டால் திரும்பி வருவது அரிது. ஆகவே ஒரே இனத்தில் இரண்டு வாங்குவதென்றால் இரண்டும் சிறிய பெண்மீன்களாக இருக்கட்டும். எது தலைவன் என்பதை அவையே தீர்த்துக்கொள்ளும். வளர்ந்த ஆண்கள் இரண்டை வாங்கினால் தீர்ப்பு வேறுவிதமாக முடியும்.

மூன்றாவது, படுக்கை. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கோடு போய்ப் பாருங்கள். ஃபேரி ராஸ் பாறை இடுக்கில் கண்ணாடிப் பைபோல ஒன்றுக்குள் படுத்திருக்கும். தன் உடம்பில் சுரந்த வழவழப்பால் தானே கட்டிய கூடு அது. ராஸின் உறவான கிளிமீனும் இப்படிக் கூடு கட்டும். ஆஸ்திரேலியாவில் அதை வைத்துச் செய்த ஆய்வில், இரவில் ரத்தம் உறிஞ்ச வரும் ஒட்டுண்ணிகளை அந்தக் கூடு தடுக்கிறது என்று கண்டார்கள். கொசுவலை என்றே வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கொரு இடுக்கு கிடைக்கும்படி பாறைகளை அடுக்கினால் பாதிச் சண்டை குறையும்.

மஞ்சள் ராஸுக்கோ மணல்தான் மெத்தை. தலைகீழாகப் பாய்ந்து ஒரு நொடியில் மறைந்துவிடும். நுண்மணல் 5 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும். புதிதாக வந்தது மணலுக்குள் போய் இரண்டு மூன்று நாள் தலைகாட்டாமல் இருக்கும். செத்துவிட்டதோ என்று கிளறாதீர்கள். வேறொரு கடலின் பகல் இரவுக்குப் பழகிய உடம்பு. நம் வீட்டு விளக்குக்கு மாற நாளாகும்.

நான்காவதுதான் முக்கியம்: வரிசை. மிகச் சாதுவானதை முதலில் விடுங்கள், முரடனைக் கடைசியில். முடிந்தால் ஃபேரிகளை ஒரே நாளில் சேர்த்து விடுங்கள். யாருக்கும் பட்டா இருக்காது. தனியாக வருவதை, துளை போட்ட ஒளிபுகும் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடலாம். பழையது வந்து பெட்டியை முட்டும், துடுப்பை விரிக்கும், பிறகு அலுத்துப்போய் விலகும். விலகிய பிறகு திறந்துவிடுங்கள். அப்போதும் துரத்தினால் பழையதைப் பிடித்து அதே பெட்டியில் ஒரு வாரம் போடுங்கள். வெளியே வரும்போது அதுதான் புதுசு. இரையை ஒரே வேளையில் கொட்டாமல் நாளைக்கு இரண்டு மூன்று முறை பிரித்துப் போடுங்கள். பசித்த ராஸ்தான் அதிகம் சண்டை போடும்.

கடலிலேயே விட வேண்டியவையும் உண்டு. பெரிய மீன்களின் உடம்பில் ஒட்டுண்ணி பொறுக்கித் தின்னும் துப்புரவு ராஸ், அந்த வேலை கிடைக்காத தொட்டியில் பெரும்பாலும் பட்டினியால் சாகிறது. கண்ணாடியில் தெரிவது தன் உருவம்தான் என்று அறியும் சோதனையில் தேறியதாக 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்த மீன் அது. அறியாத இனத்தையும் வியாபாரம் விட்டுவைப்பதில்லை: 2022இல் மாலத்தீவில் வாழும் ஒரு ஃபேரி ராஸுக்கு அந்நாட்டுத் திவேஹி மொழியில் ரோஜா என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். தனி இனம் என்று அறிவியல் அறியும் முன்பே அது தொட்டி வியாபாரத்துக்கு வந்திருந்தது. நம் கடற்கரையில் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. எவ்வளவு பொருத்தம் பார்த்துச் சேர்த்தாலும் ராஸ் துள்ளும். பயந்தாலும் துள்ளும், காதலித்தாலும் துள்ளும், விளக்கு சட்டென்று அணைந்தாலும் துள்ளும். வீட்டில் இறக்கும் ராஸ்களில் பல, நோயால் சாவதில்லை. தரையில் விழுந்து சாகின்றன. சன்னமான வலையில் ஒரு மூடி செய்யுங்கள். மீன் வாங்கப் போவது அதற்குப் பிறகு.