உங்களுக்குத் தெரியுமா? அண்ணாமலையாருக்கும் ஊடல் உண்டு!

மாட்டுப் பொங்கலன்று மாலை, திருவண்ணாமலை திருவூடல் தெருவில் சுவாமியும் அம்மனும் எதிரெதிரே நிற்பார்கள். தன்னை வணங்க மறுக்கும் பிருங்கி முனிவருக்குக் கணவர் காட்சி தரக் கிளம்புகிறாரே என்று உண்ணாமுலை அம்மனுக்குக் கோபம். சுந்தரர் தூது போகிறார், பலிக்கவில்லை. அம்மன் கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள, அண்ணாமலையார் அன்றிரவு குமரக் கோயிலில் தங்குகிறார். மறுநாள் ரமணாசிரமம் வழியாகத் தனியே கிரிவலம் வந்து, பிருங்கிக்குக் காட்சி தந்து திரும்பிய பிறகுதான் சமாதானம்.

அம்மனின் கோபம் கணவரின் கவனம் வேறிடம் போவதைப் பற்றியது. பரிணாம உளவியலும் இத்தகைய கோபத்தை ஆராய்கிறது. கருவைச் சுமந்து பாலூட்டும் பெண் உயிர்கள் குட்டிகளுக்காகச் செய்யும் முதலீடு பெரும்பாலும் அதிகம் என்று 1972-ல் ராபர்ட் டிரிவர்ஸ் எழுதினார். துணையின் கவனம் சிதறினால் ஆதிகாலத்துத் தாய்க்குப் பிள்ளை வளர்ப்பில் இழப்பு. 1992-ல் டேவிட் பஸ் குழு அமெரிக்க மாணவர்களிடம் கேட்டது: துணையின் உடல் துரோகம் அதிகம் வலிக்குமா, மனம் இன்னொருவரிடம் போவதா? பெண்களில் பெரும்பாலோர் சொன்னது இரண்டாவதை. ஆண்களில் முதலாவதைச் சொன்னவர்கள் பெண்களைவிட மிக அதிகம்.

இந்த வேறுபாடு பிறவிக் குணம் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆண், பெண் வேறுபாடுகளில் பல, சமூகம் பிரித்துக் கொடுத்த வேலைகளிலிருந்து வந்தவை என்று ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் 1999-ல் வாதிட்டார்கள். அந்த வாதத்தில் வலு இருக்கிறது. ஆகவே வீட்டுச் சண்டையில் யாரும் பரிணாமத்தைச் சாக்குச் சொல்ல வேண்டாம்.