செங்கல்லை எடுத்துவிடுங்கள்!

சிட்னியில் இருக்கும் பேரக் குழந்தையைப் பார்க்கப் புறப்படுகிறீர்களா? பெட்டி கட்டுமுன் இதைச் சற்றுப் படியுங்கள்.

அங்கே பல வீடுகளின் கொல்லையில் நீச்சல் குளம் உண்டு. குளம் இருந்தால் வேலியும் இருந்தே தீர வேண்டும். நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1992-ல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. "அதுதான் காம்பவுண்டுச் சுவர் இருக்கிறதே!" என்பீர்கள். போதாது. குளத்தில் விழும் குழந்தை தெருவிலிருந்தா வருகிறது? நம் சமையலறையிலிருந்துதான் நடந்து போகிறது. ஆகவே, புதிதாகக் கட்டும் குளத்துக்கும் வீட்டுக்கும் நடுவிலேயே வேலி வேண்டும்.

விழுந்தால் அலறும், ஓடிப்போய்த் தூக்கிவிடலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். மூழ்கும் குழந்தைக்குக் கத்த மூச்சு இராது. பால் பொங்கி இறக்குகிற நேரத்தில், சத்தமே இல்லாமல் முடிந்துவிடுகிறது.

வேலியின் உயரம் குறைந்தது 1.2 மீட்டர்; நம் கணக்கில் நாலு அடி. கம்பிகளின் இடைவெளியும், அடியில் தரைக்கு மேல் உள்ள சந்தும் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கதவு குளத்துப் பக்கம் திறக்கக் கூடாது. வெளிப்புறமாகத்தான் திறக்க வேண்டும். குழந்தை வெளியிலிருந்து சாய்ந்து தள்ளினால் கதவு இறுகுமே தவிரத் திறக்காது. என்ன யோசனை பாருங்கள்! கையை விட்டதும் கதவு தானே சாத்திக்கொண்டு, தாழும் தானே விழ வேண்டும். கடையில் வாங்கி ஊதி வைக்கும் குளமானாலும், 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் கொள்ளுமானால் சட்டம் விடாது.

இத்தனையையும் கெடுப்பது யார் தெரியுமா? நாம்தான். வெயில் காய வேலியோரம் நாற்காலி போடுகிறோம். எழுந்து போகும்போது எடுத்து வைப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு அதுவே ஏணி! பூந்தொட்டியும் அப்படித்தான். வேலியை ஒட்டி 90 சென்டிமீட்டருக்குள் ஏறுவதற்குத் தோதான பொருள் எதுவும் கூடாது என்பது விதி. விருந்து நாளிலோ, கை நிறையத் தட்டுகளுடன் போகும்போது கதவு ஓயாமல் சாத்திக்கொள்கிறது. எரிச்சலில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுக்கிறோம். விருந்தினர் போன பிறகும் செங்கல் நகருவதில்லை.

குளத்தருகே முதலுதவி முறையை விளக்கும் பலகை ஒன்று மாட்டியிருக்க வேண்டும். போன அன்றே அதைப் படித்து வையுங்கள். பிறகு கதவைச் சாண் அகலம் திறந்து விட்டுப் பாருங்கள். தாழ் தானாக விழாவிட்டால், அன்றைக்கே சரிசெய்யச் சொல்லுங்கள். மாப்பிள்ளை முகம் சுளித்தால் சுளிக்கட்டும்!