நாயைக் குளிப்பாட்டும்போது உண்ணி பார்க்கிறீங்களா?



ஆடு, மாடு, கோழி வளர்ப்பு பற்றி நம் கூட்டங்களில் நிறைய பேசியிருக்கிறோம். அவற்றுக்குக் காவல் இருக்கிற நாயைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குழுக் கடனில் வாங்கின ஆட்டை ராத்திரியில் காப்பது அதுதானே! புதுச்சேரி டவுனில் நாயைக் குளிப்பாட்டி முடி வெட்டிவிடவே கடைகள் வந்துவிட்டன. அந்தக் காசு நமக்குக் கட்டுப்படியாகாது, தேவையும் இல்லை. ஒரு பக்கெட் தண்ணி, பழைய துணி, ஒரு சீப்பு, ஒரு மணி நேரம் போதும்.

எங்கள் வீட்டில் மணி என்று ஒரு நாய் இருந்தது. ஒரு சித்திரை மாதம் இரண்டு நாள் சோறு தொடவில்லை. வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈறு சுத்தமாக வெளுத்திருந்தது. "உண்ணிக் காய்ச்சல்மா, முன்னாடியே வந்திருக்கணும்" என்றார். பிழைக்கவில்லை. காதை மடக்கிப் பார்த்தால் கொத்துக் கொத்தாக உண்ணி. அத்தனை நாள் நாங்கள் யாரும் பார்க்கவே இல்லை.

உண்ணி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. அதன் எச்சில் வழியாக நோய்க்கிருமி நாயின் ரத்தத்தில் இறங்கும். காய்ச்சல், சாப்பிடாமை, ஈறு வெளுத்தல், மூக்கில் ரத்தம், சிறுநீர் கருத்துப் போவது இதெல்லாம் அடையாளம். ஆரம்பத்திலேயே போனால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

குளிப்பாட்டுவது மாதம் ஒரு முறையோ இரண்டு முறையோ போதும். வெயில் ஏறின பிறகு, காலை ஒன்பது பத்து மணிக்குச் செய்யுங்கள். நாம் போடும் சோப்பும் துணி சோப்பும் நாயின் தோலை வறட்டிவிடும். நாய்க்கென்று விற்கும் சோப்பை வாங்கி, மிச்சமில்லாமல் அலசுங்கள். காதுக்குள் தண்ணி போகக்கூடாது. இரண்டு மாதம் ஆகாத குட்டியை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

துவட்டினதும் உண்ணி பாருங்கள். குளிப்பாட்டாத வாரத்திலும் இதை விடக்கூடாது. காதுக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குளில், வால் அடியில், விரல் இடுக்குகளில் கையால் தடவிப் பாருங்கள். மிளகு மாதிரி தட்டுப்பட்டால் அதுதான். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். நகத்தில் வைத்து நசுக்காதீர்கள், அந்த ரத்தம் நம் கையில் படும். சோப்புத் தண்ணியில் போட்டு மூடிவிடுங்கள்.

மண்ணெண்ணெய் தடவுவது நம் ஊரில் பழக்கம். தோல் வெந்துபோகும், நாய் நக்கினால் வயிற்றுக்கும் கெடுதல். அதைவிட ஆபத்து, மாட்டு உண்ணி மருந்தைக் கணக்கில்லாமல் கலந்து நாய்க்கு ஊற்றுவது. உடம்பு நடுங்கி, எச்சில் ஒழுகி, உயிரே போகலாம். வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தும் அப்படித்தான். வேப்பிலைத் தண்ணியில் அலசினால் கெடுதல் இல்லை, ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. சொட்டு மருந்து, மாத்திரை எல்லாம் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான். நாயின் எடைக்குத் தக்கபடி டாக்டர் சொல்வதை மட்டும் கொடுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். நாய்க்கு ஒத்துக்கொள்ளும் சில மருந்து பூனையைக் கொன்றுவிடும்.

இன்னொரு விஷயம். நாய் மேல் இருக்கிற உண்ணியை மட்டும் எடுத்தால் தீராது. ரத்தம் குடித்து முடிந்ததும் அது கீழே விழுந்து, சுவர் வெடிப்பில் ஏறிக்கொள்ளும். அங்கே பொட்டை உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை போடும். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. நாய் படுக்கும் சாக்கை அடிக்கடி வெந்நீரில் அலசி வெயிலில் காயப்போடுங்கள். வெடிப்புகளைப் பூசி அடையுங்கள்.

குளிப்பாட்டும்போது பிடிக்காமல் நாய் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ அலட்சியம் வேண்டாம். நம்ம வீட்டு நாய்தானே என்று நினைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணியில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் ஊசியால் தடுக்கலாம். பிரான்ஸில் லூயி பாஸ்தர் 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போட்டுக் காட்டின ஊசிதான் இதற்கு ஆரம்பம். நாய்க்கும் மூன்று மாதக் குட்டியிலேயே முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்கிறபடி வருடாவருடம் போட வேண்டும்.

பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். நாய்க்கு ரொம்ப முடியாமல் போனால் குரும்பாபேட்டில் நாம் கால்நடைக் கல்லூரி என்று சொல்கிற இடத்துக்குக் கொண்டுபோகலாம். போகும்போது ஊசி போட்ட சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள், வாய்க்கட்டுக்கு ஒரு துணியும்.