10 மீட்டரில் ஒரு முடி அளவுதான் பிழை: லேசர் டிராக்கர் எப்படி அளக்கிறது?

2022 மே மாதம். தெற்கு பிரான்சின் கடராஷ் பகுதியில் 1,300 டன்னுக்கும் மேல் எடையுள்ள ஓர் உலோகத் தொகுதியை ராட்சத கிரேன்கள் தூக்கி, ஒரு வட்டக் குழிக்குள் மெதுவாக இறக்கின. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே தொகுதியை மறுபடி வெளியே தூக்கினார்கள்.

கஷ்டப்பட்டு இறக்கியதை ஏன் எடுக்க வேண்டும்? இரண்டு காரணங்கள். ஒன்று, உள்ளே இருந்த குளிரூட்டும் குழாய்களில் அரிப்பால் ஏற்பட்ட விரிசல். இன்னொன்று, பக்கத்துத் துண்டோடு வெல்டிங் செய்ய வேண்டிய ஓரங்கள் வரைபடத்தில் இருந்த அளவில் இல்லை.

இது ‘ஐட்டர்’ என்ற சர்வதேச அணுக்கரு இணைவுத் திட்டம். இந்தியாவும் அதில் உறுப்பினர். அதன் இதயம், நடுவில் ஓட்டை உள்ள மெதுவடை வடிவத்தில் ஒரு வெற்றிடக் கலம். ஆரஞ்சுச் சுளைகள் போல 9 துண்டுகளைச் சேர்த்து அதை உருவாக்குகிறார்கள். ஒவ்வொரு துண்டும் சுமார் 440 டன், உயரம் 11 மீட்டருக்கும் மேல். 4 துண்டுகள் தென்கொரியாவிலும் 5 துண்டுகள் ஐரோப்பாவிலும் தயாராகின்றன. வெவ்வேறு நாட்டில் செய்த துண்டுகள் பிரான்சில் வந்து ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

பொருந்துமா என்பதைத் தூக்கி வைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முன்பே அளக்க வேண்டும். அதற்கான கருவிகளில் முக்கியமானதுதான் லேசர் டிராக்கர்.

டேப் போதாதா?

கதவுக்கும் கட்டிலுக்கும் டேப் போதும். 1 மி.மீ. கூடினாலும் ஆசாரி இழைத்துச் சரிசெய்துவிடுவார். ஆனால் 11 மீட்டர் உயரமுள்ள வளைந்த உலோகச் சுவரை டேப்பால் எப்படி அளப்பது? தொழிற்சாலைகளில் மிகத் துல்லியமாக அளக்க மேசை போன்ற கருவிகள் உண்டு. அளக்க வேண்டிய பொருளை அந்த மேசையில் வைக்க வேண்டும். 440 டன்னை எந்த மேசையில் வைப்பது? இங்கே கருவிதான் பொருளைத் தேடிப் போக வேண்டும்.

விமான இறக்கை, கப்பல், துகள் முடுக்கி எல்லாவற்றுக்கும் இதே சிக்கல்தான்.

எப்படி வேலை செய்கிறது?

லேசர் டிராக்கர் முக்காலியில் நிற்கும் ஒரு கருவி. அதன் தலை இடம் வலமாகவும் மேலும் கீழுமாகவும் சுழலும். அதிலிருந்து ஒரு லேசர் கதிர் கிளம்பும். அந்தக் கதிர் தேடிப் போவது, சுமார் 38 மி.மீ. விட்டமுள்ள ஓர் எஃகு உருண்டையை.

சூட்சுமம் இந்த உருண்டைக்குள் இருக்கிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று கண்ணாடிகள், அறையின் மூலை போலச் சேர்ந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும், வந்த திசையிலேயே திருப்பி அனுப்பிவிடும். சைக்கிளின் பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர் இரவில் மினுங்குவதும் இதே தத்துவத்தில்தான்.

ஊழியர் உருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். உருண்டை நகர்ந்தால், திரும்பி வரும் கதிரும் சற்று விலகி வரும். கருவிக்குள் இருக்கும் சென்சார் அந்த விலகலைக் கண்டுபிடித்து, மோட்டார்களைத் திருப்பி, கதிரை மறுபடி உருண்டையின் நடுவில் நிறுத்தும். ‘டிராக்கர்’ என்ற பெயர் வந்தது இதனால்தான்.

உருண்டையை எந்த இடத்தில் வைத்தாலும் கருவிக்கு மூன்று எண்கள் கிடைக்கும்: கிடைக்கோணம், செங்குத்துக் கோணம், தூரம். அந்த மூன்றும் போதும், அந்தப் புள்ளி வெளியில் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளை எடுத்து, கணினியில் உள்ள வரைபடத்தோடு ஒப்பிடுவார்கள்.

இந்த யோசனை பிறந்தது 1980-களில், அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில். காம் லாவ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1986-இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அப்போது அவர்கள் அளக்க நினைத்தது விமானத்தை அல்ல, ரோபோ கையின் அசைவை.

தூரத்தை அளப்பது எப்படி?

இரண்டு வழிகள். முதல் வழியில், லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து ஒன்றை உள்ளேயே வைத்துக்கொள்வார்கள். மற்றொன்று உருண்டைவரை போய்த் திரும்பும். இரண்டும் மறுபடி சேரும்போது வெளிச்சமும் இருளும் மாறி மாறித் தோன்றும். சிவப்பு லேசரில், உருண்டை சுமார் 0.32 மைக்ரான் நகர்ந்தால் ஒரு மாற்றம். (1,000 மைக்ரான் சேர்ந்தால் 1 மி.மீ.) கருவி இவற்றை எண்ணிக்கொண்டே வரும்.

அபாரமான துல்லியம். ஆனா ஒரு சிக்கல். இது ஆட்டோ மீட்டர் மாதிரி, ஓடிய தூரத்தை மட்டுமே சொல்லும். நடுவில் யாராவது குறுக்கே போய்க் கதிர் அறுந்தால் கணக்கு போச்சு, தெரிந்த புள்ளியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கணும். அதனால் பின்னர் இரண்டாவது வழியும் சேர்ந்தது. ஒளியைச் சீரான துடிப்போடு அனுப்பி, திரும்பி வரும் துடிப்பு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்த்து முழுத் தூரத்தையும் நேரடியாகக் கணக்கிடுவது. கதிர் அறுந்தாலும் கவலை இல்லை.

இன்றைய நல்ல கருவி ஒன்றின் உச்சவரம்புப் பிழை, 15 மைக்ரானும் அதோடு மீட்டருக்கு 6 மைக்ரானும். 10 மீட்டரில் 75 மைக்ரான். கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன்.

உண்மையான எதிரி வெயில்

கருவி இவ்வளவு துல்லியம் என்றால் வேலை முடிந்ததா? இல்லை. அளக்கப்படும் பொருளே ஓர் இடத்தில் நிற்காது.

எஃகு சூட்டில் விரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்குச் சுமார் 16 மைக்ரான் நீளும். 10 மீட்டர் என்றால் ஒரே டிகிரியில் 160 மைக்ரான். கருவியின் பிழையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! ஒரு துண்டை 20 டிகிரியிலும் பக்கத்துத் துண்டை 35 டிகிரியிலும் அளந்து அப்படியே ஒப்பிட்டால், 10 மீட்டரில் 2.4 மி.மீ. வித்தியாசம் காட்டும். இரண்டு துண்டுகளும் சரியாகத்தான் இருக்கும், தவறு ஒப்பீட்டில்.

இதற்காகவே உலகம் முழுக்க நீள அளவுகளை 20 டிகிரி செல்சியஸுக்கு மாற்றிச் சொல்கிறார்கள். 1931 முதல் இதுதான் சர்வதேச வழக்கம். அளக்கும்போது பொருளின் மேல் வெப்பமானிகளை ஒட்டி, கணக்கில் திருத்தம் செய்வார்கள்.

காற்றும் சும்மா இருக்காது. காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரி தவறாகக் கொடுத்தால் 10 மீட்டரில் சுமார் 10 மைக்ரான் பிழை வரும். கூரைக்குக் கீழே சூடான காற்றும் தரையில் குளிர்ந்த காற்றும் இருந்தால் கதிரே லேசாக வளையும், தார்ச் சாலையில் கானல் நீர் தெரிவதுபோல.

தரை அதிர்ந்தாலோ முக்காலி நகர்ந்தாலோ எல்லாம் மாறிவிடும். அதனால் கட்டடத்தின் சுவரிலும் தரையிலும் நிரந்தரக் குறிப்புப் புள்ளிகளைப் பதித்து, அடிக்கடி அவற்றைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கருவியை வேறு இடத்துக்கு மாற்றும்போது முன்பு அளந்த அளவுகளோடு கோர்ப்பதும் இந்தப் புள்ளிகளை வைத்துத்தான்.

இந்தியா எங்கே வருகிறது?

அந்த வெற்றிடக் கலத்தை வெளியே மூடியிருக்கும் கிரையோஸ்டாட் இந்தியாவின் பங்கு. சுமார் 30 மீட்டர் உயரம், 30 மீட்டர் அகலம். குஜராத்தின் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ 54 துண்டுகளாகத் தயாரித்துக் கப்பலில் அனுப்பி, கடராஷில் வெல்டிங் செய்து சேர்த்தார்கள். 1,250 டன் எடையுள்ள அதன் அடிப்பாகம் 2020 மே மாதம் குழிக்குள் இறங்கியது.

அளந்த பிறகு?

வெல்டிங் சூட்டில் உலோகம் விரியும், ஆறும்போது சுருங்கி நெளியும். கலத்தின் துண்டுகளை இணைப்பது தானியங்கி வெல்டிங் கருவிகள். இடைவெளி சீராக இல்லாவிட்டால் அவற்றால் வேலை செய்ய முடியாது. ஆகவே ஓரங்களில் தேவையான இடங்களில் உலோகத்தைச் சேர்த்தும் செதுக்கியும் சரிசெய்ய முடிவெடுத்தார்கள். அதற்காகத்தான் 2023-இல் அந்தத் தொகுதி வெளியே வந்தது. 2025-இல் தொகுதிகள் மீண்டும் குழிக்குள் இறங்கத் தொடங்கின.

2025-இல் முதல் பிளாஸ்மா என்றிருந்த திட்டம், இப்போது 2034-இல் ஆய்வுப் பணி தொடக்கம் என்று மாறியிருக்கிறது. கொரோனா உட்படப் பல காரணங்கள் இருந்தாலும், இந்த ஓரங்களைச் சரிசெய்ததும் அதில் ஒன்று.

டிராக்கரால் பிழையைத் திருத்த முடியாது, காட்ட மட்டும்தான் முடியும். அது தொழிற்சாலையிலேயே தெரிந்து அங்கேயே சரிசெய்தால் செலவு சில வாரங்கள். குழிக்குள் இறக்கிய பிறகு சரிசெய்ய நேர்ந்தால், 1,300 டன்னை மறுபடி தூக்க வேண்டியதுதான்.