அழியும் இனங்கள் - 17: ஒற்றைக் காளையின் கணக்கு

வான்கோழிப் பட்டியை மூன்று கூண்டாகப் பிரித்துச் சேவல்களைச் சுற்றில் விடும் முறையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். சின்னப் பட்டிக்குச் சேவல்தான் முக்கியம் என்று முடித்ததும் நினைவிருக்கும். அதற்குச் சான்று தேடப்போனதில், கணக்கு சித்தூர்ச் சீமைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. புங்கனூர்க் குட்டை மாடு, நின்றால் 70 முதல் 90 சென்டிமீட்டர். வளர்ந்த ஆளின் இடுப்புக்கு மேல் வராது. கலப்பினக் காளைகளின் வரவால் அருகிப்போன இந்த இனத்தைப் பலமனேர் ஆராய்ச்சி நிலையத்தில் காத்து வருகிறது திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகம். எத்தனை மாடு மிச்சம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, எத்தனை காளை என்று. ஆணையும் பெண்ணையும் பெருக்கி, அதை நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுத்தால் மரபணுக் கணக்கில் அந்த மந்தையின் உண்மையான பலம் கிடைக்கும். ஒரு காளை, 100 பசு என்றால் விடை 4-க்கும் சற்றுக் குறைவு. பசுவை ஆயிரமாக்குங்கள், லட்சமாக்குங்கள், 4-ஐத் தொடவே தொடாது! அந்த 100 பசுவுக்கு இன்னொரு காளை சேர்ந்தால் ஏறக்குறைய 8. இங்கிலாந்தின் சில்லிங்ஹாம் காட்டு மாடுகள் 1947 குளிரில் 13 ஆகச் சுருங்கின. அவற்றில் 5 காளை, 8 பசு, பலம் 12. ஒற்றைக் காளையை நம்பியிருக்கும் ஆயிரம் பசுவை விட அந்தப் பதின்மூன்று மூன்று மடங்கு பெரிய மந்தை. இந்த ஒரு வரிக்காகவே வான்கோழியை ஒத்திப்போட்டேன்.

சில்லிங்ஹாம் மாடுகள் நூற்றாண்டுகளாகச் சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்தும் பிழைத்திருக்கின்றனவே என்று கேட்கலாம். பிழைத்த மந்தைதான் நம் கண்ணில் படுகிறது. அதே வழியில் போய் மலடாகி அழிந்தவற்றை யாரும் எண்ணுவதில்லை. பலம் 4 என்றால் தலைமுறைக்கு எட்டில் ஒரு பங்கு ரத்த நெருக்கம் ஏறும். தகப்பன் ஒன்று, தாய் வேறான அண்ணன் தங்கையை இணைத்தால் கன்றுக்கு வரும் அளவு அது. சோதனைக்குழாய் கருவூட்டலால் எண்ணிக்கையைப் பெருக்கிவிடலாமே என்பது அடுத்த வாதம். பெருகும், உண்மை. ஆனால் நாலு பசு, இரண்டு காளையிலிருந்து 500 கன்று பிறந்தாலும் அவை அந்த ஆறின் பிள்ளைகள்தாம். பல காளைகளின் உறைவிந்து சேமிப்பில் இருந்தால்தான் அந்த நுட்பம் இனத்தைக் காக்கும். 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தம் வீட்டில் புங்கனூர் மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் படம் வந்ததில் இருந்து குட்டையிலும் குட்டைக்குக் கிராக்கி. எல்லோரும் ஒரே குட்டைக் காளையைத் தேடி ஓடுவது, வறட்சியை விட இந்த இனத்துக்குக் கெடுதல் என்பேன். பலம் 50-ஐத் தாண்ட, 100 பசுவுக்கு 15 காளையாவது வேண்டும்.

மூன்று கூண்டு அடுத்த வாரம். அதற்குள், வான்கோழி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சேவலுக்கும் காலில் வளையம் மாட்டி, அதன் தாய் தகப்பன் எவை என்று நோட்டில் குறித்து வையுங்கள்.