குறைமாதக் குழந்தையின் எடையை மதிப்பிடுதல்

சங்கத்தின் நிலையை ஒரு நாள் ரொக்க இருப்பைக் கொண்டு முடிவு செய்யலாகாது என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் எடையும் அத்தகையதே.

நிறைகர்ப்பம் 40 வாரம். 32 வாரம் நிறையுமுன் பிறப்பது மிகக் குறைமாதப் பிறப்பாகும். பிறப்பெடை 1,500 கிராமுக்குக் கீழிருப்பின் மிகக் குறைந்த எடை என்பர். ஆயினும் 29 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு 1,200 கிராம் ஏற்ற எடையே. 34 வாரத்தில் பிறந்த குழந்தை அதே எடையிருப்பின், கருவிலேயே வளர்ச்சி குன்றியிருக்கக்கூடும் என்று மருத்துவர் ஆராய்வர். இவ்வொப்பீட்டிற்கு உதவுவனவற்றுள் ஒன்று, 2003-இல் வெளியாகி, 2013-இல் ஆண், பெண் எனத் தனித்தனியே திருத்தியமைக்கப்பெற்ற பென்டன் வரைபடம்.

பிறந்த முதற் சில நாட்களில் எடை சற்றுக் குறைதல் இயல்பு. பின்னர் எடையோடு நீளத்தையும் தலைச் சுற்றளவையும் தொடர்ந்து குறித்து வருதல் வேண்டும்.

வயதுக் கணக்கிலும் ஒரு கழிவு உண்டு. 27 வாரத்தில் பிறந்த குழந்தை 13 வாரம் முந்திப் பிறந்தது. ஆதலின் ஆறு மாதம் நிறைந்தபோது, அதனை மூன்று மாதக் குழந்தையாகவே மதிப்பிடுதல் முறை. இரண்டு வயது வரை இவ்வாறு கழிப்பது வழக்கம்.

ஆகவே, அண்டை வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுத் தாய்மார் மனந்தளர வேண்டுவதில்லை. பிறந்த வாரமும் எடையும் குறித்த சீட்டைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் காட்டுவார்களாக.